மீண்டும் ஒருமுறை ‘வீடு’

பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படம். 1987ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்னும் சிறப்பை அது பெற்றது; அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதையும் தேடித் தந்தது. பாட்டு இல்லாத படம். இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ இசைத்தொகுப்பின் பகுதிகளே அதன் பின்னணி இசை.

தலைநகரில் வாழ்ந்த நாம் அதைத் திரையரங்கில் பார்க்கவில்லை. அக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் தூர்தர்ஷன் மாநில மொழிப் படங்களை ஒளிபரப்பி வந்தது. வங்காளமும் மலையாளமும் கன்னடமும் வந்துபோன பின் தமிழின் முறை எப்போது வரும் என்று காத்திருந்தது நம் வயதொத்த அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். கரோல் பாகில் நாம் வாடகைக்கு இருந்த மொட்டைமாடி அறையில் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. கீழே குடியிருந்த பஞ்சாபி வீட்டுக்கார அம்மையாரின் கூடத்தில், அவர் விரித்த சமுக்காளத்தில் அமர்ந்துதான் பார்த்தோம். ஆங்கிலத் துணையெழுத்துகளை அவருடைய மகன் உரக்க மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லும் கதையை வீட்டுக்காரர் வீட்டிலேயே இருந்து பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. திரையிலிருந்த வீட்டுக்காரரை வாய்விட்டுத் திட்டவும் இயலவில்லை. மனத்துக்குள் திட்டித் தீர்த்தோம்.

கதையை அறியாதார் சிலரே. அலுவலகத்தில் பணிபுரியும் சுதா, தாத்தா முருகேசனுடனும் தங்கை இந்துவுடனும் வாடகை வீட்டில் வாழ்கிறாள். காலி செய்யுமாறு சொல்லப்படுகிறது. வேறு வீடு தேடி அலைகிறார்கள், கட்டுப்படியாகவில்லை. தாத்தாவிடம் இருக்கும் இரண்டு மனைகளில் ஒன்றை விற்று மற்றொன்றில் வீடு கட்டலாம் என்னும் யோசனை பிறக்கிறது. கடன், வரைபட ஒப்புதல், கையூட்டு, ஒப்பந்தக்காரரின் ஏமாற்று என்று ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒரு தொல்லை. சிமெண்டு களவு போவதை உரைப்பவள் சித்தாள் மங்கம்மா. அந்த வேடத்தில் ‘பசி’ சத்யாவை விஞ்ச ஒருவர் உண்டா என்பது ஐயமே. சுவர்கள் எழும்பிய பின், அந்த மனை குடிநீர்த் துறையின் கையகப்படுத்தலில் அடங்கியது என்று தெரிய வருகிறது. தீர்ப்பு ஏதும் சொல்லப்படாமலே படம் முடிகிறது.

அன்று நமக்கு அது ஊழலைச் சாடும் படம். அதிகாரி, ஒப்பந்தக்காரர், வீட்டுக்காரர் ஆகியோர் ஒரு புறம். சுதாவும் அவள் துணைவன் கோபியும் நாமும் மறுபுறம். கடன் கேட்டுச் சென்ற இடத்தில் மேலதிகாரி வேறு விலை பேசும் காட்சியே படத்தின் உச்சம் என்று நண்பர்களிடம் வாதிட்டோம்.

சென்ற ஆண்டு மகளுடன் அமர்ந்து மறுபடியும் பார்த்தோம். இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. மயூர் விகாரில் கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்றில் நமக்கென ஒரு வீடு. சேமிப்பில் வாங்கிய சிறு வீடு மற்றொன்று, அது வாடகைக்கு. மேலதிகாரி வரும் காட்சி இம்முறை நம்மை அசைக்கவில்லை. இப்படத்தில் பழைய திரைப்பட வழக்கத்தின் நிழல் படிந்த இடம் அது ஒன்றே என்று கூடத் தோன்றியது. அசைத்தது வேறு. காலி செய்யச் சொல்லும் இடத்தில் மகள் கேட்டாள்: “அவர் வீடு, அவர் கேட்கிறார். இதில் தவறு என்ன, அப்பா?”

விடை சொல்ல நம்மால் இயலவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் நம் சிறு வீட்டில் குடியிருந்த இளந்தம்பதியிடம், கைக்குழந்தையோடு இருப்பவர்களிடம், ஒரு மாத அவகாசம் தந்து தொலைபேசியில் பேசியிருந்தோம். அதிக வாடகைக்கு ஒருவர் வந்திருந்தார். மகள் சொன்ன அதே வாசகத்தைத்தான் அன்று நாமும் சொன்னோம். அதை அவள் எங்கிருந்து கற்றாள் என்று வியக்கத் தேவையில்லை.

தம் சிறு பிராயத்தில், மட்டக்களப்புப் பகுதியில், தாயார் வீடு கட்டியபோது அவருடைய இயல்பில் நேர்ந்த மாற்றமே இப்படத்துக்கு வித்து என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். சிரித்த முகம் சிடுசிடுப்பாக மாறியதைக் குழந்தை கண்டிருக்கிறது. இந்தச் செய்தியை அறிந்து பார்த்தால் படத்தின் நடுவிடம் இடம்பெயர்கிறது. ஊழல் பின்னுக்குப் போகிறது. அர்ச்சனாவின் முகம் முன்னுக்கு வருகிறது. ஒப்பனை இல்லாத அந்த முகத்தில் தொடக்கக் காட்சிகளின் சிரிப்பு சிறுகச் சிறுகக் குறைவதை முதன்முறை நாம் கவனிக்கவே இல்லை. வசனம் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை. இயக்குநரே ஒளிப்பதிவாளருமாதலால், சன்னலோரத்து வெளிச்சத்தில் அவளைச் சற்று நேரம் இருக்கவிடுகிறார், அவ்வளவுதான். நம் திரைப்படங்களில் துயரம் பெரும்பாலும் அறிவிக்கப்படுகிறது. இங்கே அது படிகிறது, சுவரில் ஈரம் படிவதுபோல.

கூட்டுறவுச் சங்கத்துக்குத் தவணை கட்டிய ஆண்டுகளில் நம் இல்லத்தரசியார் பாட்டை நிறுத்திவிட்டார். மாலையில் நான்கு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், பின்னர் அந்நேரத்தில் ஓர் அலுவலகத்துக்குத் தட்டச்சு வேலையை வீட்டிலேயே செய்துவந்தார். வீடு முடிந்தது, பாட்டு திரும்பவில்லை. அதை நாம் ஒரு செய்தியாகவே எண்ணியிருக்கவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் திரும்பிப் பார்த்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தாத்தாவைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்கலாகாது. முதிய நாடக நடிகரான சொக்கலிங்க பாகவதர், முற்றுப்பெறாத வீட்டைத் தனியே பார்க்க வருகிறார். பூசாத சுவரைத் தொடுகிறார், அறையறையாக நடக்கிறார். திரும்பும் வழியில் உயிர் பிரிகிறது. அன்று அந்தச் சாவுக்கு அழுதோம். அதற்கு முந்தைய நிமிடங்களை அழுகைக்கான முன்னேற்பாடு என்றே கருதினோம். அது பிழையான வாசிப்பு. அந்த நிமிடங்களில் பரிதாபம் ஏதும் இல்லை. படம் முழுவதிலும் வீட்டை வீடாக அனுபவிப்பவர் அவர் ஒருவரே. சுதாவுக்கு அது கடன், கணக்கு, வழக்கு. கதவும் நிலையும் இல்லாத அந்தக் கூட்டினுள் நின்று மகிழ முதியவருக்கு உரிமைப் பத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. நாமும் இப்போது அவருடைய வயதை நெருங்குகிறோம். ஆனால் நம் வீட்டுச் சுவரைக் கடைசியாகத் தொட்டது, ஈரக்கசிவு எவ்வளவு தூரம் பரவியது என்று பார்க்கத்தான்.

மறுநாள் காலை, விரும்பினால் இன்னும் ஆறு மாதம் இருக்கலாம் என்று சொல்ல அந்தத் தம்பதியைத் தொலைபேசியில் அழைத்தோம். நொய்டாவில் வேறு இடம் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டதாக அந்தப் பெண் மரியாதையாகவே சொன்னார். சாவியை எந்த நேரத்தில் கொண்டுவந்து தரலாம் என்று கேட்டார்.