மாமன் மகளுக்கு இடமில்லாத கொடிவழி

'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டு பாகங்களும் 2022, 2023ஆம் ஆண்டுகளில் வந்துபோன பிறகு சோழர் கொடிவழிப் படத்துக்குத் தனி மவுசு வந்துவிட்டது. விஜயாலயனில் தொடங்கி மூன்றாம் இராஜேந்திரனில் முடியும் அந்தக் கட்டங்களும் கோடுகளும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. சதய விழா ஃப்ளெக்ஸ்களிலும் சாதிச் சங்க மலர்களின் அட்டைகளிலும் இடம்பிடிக்கின்றன. காவிரிக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத வடக்கெல்லை ஊர்களையும் இந்த ஆசை விட்டுவைக்கவில்லை. கடைசிக் கட்டத்துக்குக் கீழே இன்னொரு கோடு இழுத்து 'நாங்கள்' என்று எழுதுவதுதான் பாக்கி. சிலர் அதையும் எழுதிவிட்டார்கள். ஆதாரம் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: செப்பேட்டிலேயே இருக்கிறது.

செப்பேட்டைப் பற்றிப் பேச, அப்படியொரு வடக்கெல்லை ஊரான பொதட்டூர்பேட்டைக்காரர் தஞ்சாவூர் வரை போக வேண்டியதில்லை. பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த முதலாம் இராஜேந்திரனின் சாசனம், 31 ஏடுகள் கொண்டது, திருத்தணிக்குப் பக்கத்துத் திருவாலங்காட்டில்தான் கிடைத்தது. சூரியனில் தொடங்கி, மனு, இட்சுவாகு, சிபி என்று இறங்கி, இராஜேந்திரனில் வந்து நிற்கும் வடமொழிக் கொடிவழி அதில் இருக்கிறது. திருத்தணியை ஒட்டிய வேளஞ்சேரியில் 1977இல் இரண்டு செப்பேடுகள் சேர்ந்தே வெளிவந்தன. ஒன்று பல்லவன் அபராஜிதனுடையது, மற்றது சோழன் முதலாம் பராந்தகனுடையது. தோற்ற குலமும் வென்ற குலமும் தத்தம் பரம்பரையைச் சொல்லும் ஏடுகள் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம்.

இந்த ஏடுகள் இல்லாமல் சோழர் வரலாற்றை வரிசைப்படுத்தியிருக்க முடியாது. இராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறி வரும் பட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கல்வெட்டு எந்த அரசனுடையது என்று தீர்மானிப்பது பெரும்பாடு. அண்ணனுக்குப் பின் தம்பி, சிற்றப்பனுக்குப் பின் அண்ணன் மகன் என்று கலைந்து கிடந்த முறையைச் செப்பேடுகள்தான் நேராக்கின. அபராஜிதன் யார் மகன் என்று நீண்ட காலம் நடந்த வழக்கையும் வேளஞ்சேரிதான் முடித்து வைத்தது. ஆண்டுக் கணக்குக்குக் கொடிவழிப் படம் நல்ல கருவி. அதில் தகராறு இல்லை.

தகராறு வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் படம் தகப்பனிலிருந்து மகனுக்கு மேலிருந்து கீழாகத்தான் கோடு போடுகிறது. குறுக்குக் கோடு அதற்குத் தெரியாது. பெண் கொடுத்துப் பெண் எடுத்து நடந்த அரசியல் முழுவதும் அந்தக் குறுக்குக் கோட்டில்தான் இருந்தது.

வேங்கியை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராஜராஜன் தன் மகள் குந்தவையைக் கீழைச் சாளுக்கியன் விமலாதித்தனுக்குக் கொடுத்தான். பிறந்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரே வைக்கப்பட்டது: இராஜராஜ நரேந்திரன். நன்னயன் தெலுங்கில் பாரதம் பாடத் தொடங்கியது இவனுடைய அவையில்தான். விமலாதித்தனுக்கு மேளமா என்ற இன்னொரு தேவியின் வயிற்றில் விஜயாதித்தன் என்றொரு மகனும் உண்டு. இருவரும் ஒரு தகப்பன் பிள்ளைகள். தகப்பன் வழிக் கோடு போட்டால் இருவருக்கும் ஒரே உரிமை. நரேந்திரன் 1022இல் முடிசூடியதற்குப் பின்னால் நின்றது சோழப் படை. அந்தப் படையை அனுப்பிய இராஜேந்திரன் அவனுக்குத் தாய்மாமன்.

அந்தத் தாய்மாமன் தன் மகள் அம்மங்கையையும் நரேந்திரனுக்கே கட்டிவைத்தான். நரேந்திரன் மணந்தது மாமன் மகளை. அவர்களுக்குப் பிறந்தவன்தான் 1070இல் சோழ அரியணையில் முதலாம் குலோத்துங்கனாக அமர்ந்தவன். அவன் மணந்த மதுராந்தகியோ அம்மங்கையின் சகோதரன் இரண்டாம் இராஜேந்திரனின் மகள். மறுபடியும் மாமன் மகள். தலைமுறைக்குத் தலைமுறை முறைப்பெண் எடுத்திருக்கிறார்கள். பொதட்டூர்பேட்டையில் ஒரு கல்யாண வீட்டுக் கிழவியிடம் இதைச் சொன்னால் அரை நிமிடத்தில் உறவு முறையைப் பிடித்துக்கொள்வாள். கொடிவழிப் படம் வரைபவருக்கோ இது தீராத தலைவலி. அவர் முந்தைய அரசன் அதிராஜேந்திரனோடு ஒரு கோட்டை நிறுத்திவிட்டு, குலோத்துங்கனைப் பக்கத்தில் ஒரு புள்ளிக் கோட்டால் தொங்கவிட்டு, 'சாளுக்கிய சோழர்' என்று தலைப்புக் கொடுத்துவிடுகிறார். அந்தப் படத்தில் உள்ள எல்லாக் கோடுகளிலும் அதிகச் செய்தி சொல்வது அந்தப் புள்ளிக் கோடுதான். அதைத்தான் மங்கலாக அச்சிடுகிறார்கள்.

அந்தக் காலத்துப் புலவர்கள் இந்த இடத்தைக் கவனிக்காமல் விடவில்லை. கலிங்கத்துப்பரணியில் சயங்கொண்டார் இராச பாரம்பரியம் என்று ஒரு பகுதியே ஒதுக்கிச் சோழர் வரிசையைச் சொல்கிறார். பிறகு குலோத்துங்கனின் பிறப்பைப் பாடும்போது தாயின் பிறந்தகத்தை முன்னுக்குக் கொண்டுவருகிறார். மகள் வயிற்றுப் பேரன் பட்டத்துக்கு வந்ததற்கு விளக்கம் தேவைப்பட்டது. பரணி அதைக் கொடுத்தது. நெசவூர்களில் செங்குந்தர் தம் குலத்தவர் என்று பெருமையோடு சொல்லும் ஒட்டக்கூத்தர் உலாப் பாடிய விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராஜராஜன் மூவரும் தகப்பன் வழியில் வேங்கிச் சாளுக்கியர்தான். கூத்தருக்கு அது தெரியாதா? தெரிந்தும் மூவரையும் சூரிய குலத்துச் சோழராகவே உலா வரவைத்தார். அவரைப் பொறுத்தவரை தாய்வழி வந்த உரிமை முழு உரிமை. தகப்பன் வழி ஒன்றே வழி என்ற பிடிவாதம் கூத்தரிடமில்லை, நம்முடைய படத்திடம் இருக்கிறது.

இதே சிக்கல் ஸ்காட்லாந்திலும் வந்தது. 1290இல் சிறுமியான அரசி மார்கரெட் இறந்தபோது நேர் வாரிசு இல்லை. பத்துக்கும் மேற்பட்டோர் உரிமை கேட்டு இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டின் முன் நின்றார்கள். முக்கியமான இருவர், ஜான் பேலியலும் ராபர்ட் புரூஸும், ஹன்டிங்டன் பிரபு டேவிட்டின் பெண்கள் வழியில் வந்தவர்கள். மூத்த மகளின் பேரனா, இளைய மகளின் மகனா என்பதே வழக்கு. 1292இல் மூத்தவள் வழிக்கே தீர்ப்பானது. அங்கே பிரபுக் குடும்பங்களின் கொடிவழியை இன்று யார் வரைந்தாலும் யார் மகள் யாருக்குப் போனாள் என்பதைத்தான் முதலில் தேடுவார்கள். மகள்கள் இல்லாமல் அந்த வழக்கே புரியாது. 1070இல் இங்கே நடந்ததும் அதே மாதிரியான விஷயம்தான். நாம் மட்டும் மகள்களை அழித்துவிட்டுப் படம் போடுகிறோம்.

செப்பேட்டின் வேலை என்ன என்று யோசித்தால் பழியை அதன் மேல் முழுவதும் போட முடியாது. தானம் கொடுக்கும் அரசன் எவ்வளவு பெரியவன் என்று சொல்ல அவைப் புலவர் எழுதிய புகழுரை அது. சிபிக்கும் இராஜேந்திரனுக்கும் நடுவே சங்கிலி அறுபடாமல் இருப்பதுதான் அதற்கு முக்கியம். பெண்கள் அதில் அணியாக வருவார்கள். கணவன் சுந்தர சோழன் இறந்ததும் உடன்கட்டை ஏறிய வானவன் மாதேவியைத் திருவாலங்காட்டு ஏடுகள் புகழ்கின்றன. அன்பில் செப்பேடு சுந்தர சோழனின் தாய் வைதும்பர் குலத்துக் கல்யாணி என்று ஒரு வார்த்தை சொல்கிறது. வேளஞ்சேரிப் பல்லவ ஏடு அபராஜிதன் கம்பவர்மனுக்கும் கங்கர் குலப் பெண்ணுக்கும் பிறந்தவன் என்கிறது. செப்பேடு போகிற போக்கில் சொன்ன இந்த ஒன்றிரண்டு வார்த்தைகளைக்கூட நம் படங்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

கோயில் சுவரின் வேலை வேறு. ஒரு தேவி நுந்தாவிளக்குக்கு 96 ஆடு கொடுத்தால், அந்தத் தர்மம் சூரிய சந்திரர் உள்ளவரை நடக்க வேண்டும். கொடுத்தவள் யார் மனைவி, யார் மகள் என்று எழுதிவைத்தால்தான் நாளைக்குக் கணக்குக் கேட்க முடியும். அதனால் கல் பிறந்த வீட்டை மறப்பதில்லை. நாகப்பட்டினம் பக்கத்தில், தங்கள் மாமியார் பெயர்கொண்ட செம்பியன் மாதேவி என்ற ஊரின் கோயிலுக்கு, உத்தம சோழனின் தேவியர் பலர் அறக்கொடை கொடுத்திருக்கிறார்கள். இருங்கோளர் மகள், பழுவேட்டரையர் மகள், விழுப்பரையர் மகள் என்று அடையாளம் சொல்கிறது சுவர். அந்த மாமியாரே மழவரையர் மகள். எந்தச் சிற்றரசர் சோழரோடு சம்பந்தி, எந்த மலைநாட்டு வழி யார் கையில் என்று ஒரு படைத்தலைவனின் வரைபடம் போலப் படிக்கலாம் அந்தச் சுவரை.

வந்தியத்தேவனையே பாருங்கள். கல்கி 1950இலிருந்து 1954 வரை தொடராக எழுதிய கதையின் நாயகன், திரையில் குதிரை மேல் வந்தவன். இந்தப் புகழுக்கு முக்கியமான வரலாற்று ஆதாரம் தஞ்சைப் பெரியகோயிலில் இராஜராஜனின் தமக்கையான இன்னொரு குந்தவை எழுந்தருளுவித்த திருமேனிகளைப் பற்றிய கல்வெட்டு. அதில் அவள் தன்னை வல்லவரையர் வந்தியதேவரின் மகாதேவி என்கிறாள். மனைவி கொடுத்த தானத்தால் பிழைத்த பெயர் அது. குந்தவையை மட்டும் தனிக் கட்டத்தில் வைத்து, மருமகனுக்குக் கோடு போடாமல் விட்ட கொடிவழிப் படங்கள் இன்றும் பாடநூல் அளவுக்கு மரியாதையோடு உலவுகின்றன.

பழைய அறிஞர்களும் இதில் தப்ப முடியாது. நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவப் பண்டாரத்தாரும் இந்தத் தேவியரின் கல்வெட்டுகளை ஒன்று விடாமல் படித்தவர்கள்தான். ஆனால் எங்கே வைத்தார்கள்? போர்கள் முடிந்து, வெற்றிகள் முடிந்து, அரசனும் இறக்கப்போகும் நேரத்தில், மனைவியரும் மக்களும் என்று கடைசியில் ஒரு பத்தி. போர் ஏன் மூண்டது என்ற கேள்விக்கு விடை பல சமயம் அந்தக் கடைசிப் பத்தியில்தான் கிடக்கும். பின்னால் வந்தவர்கள் புத்தகத்தின் பின்னிணைப்பில் இருந்த படத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு பத்தியை விட்டுவிட்டார்கள்.

இதற்கு எடுத்துக்காட்டு, திருத்தணிக்குத் தெற்கே உள்ள தக்கோலம். 949இல் அங்கே யானை மேல் இருந்த சோழ இளவரசன் இராஜாதித்தனைக் கொன்றவன் கங்கன் இரண்டாம் பூதுகன். அவன் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் சகோதரி ரேவகாவின் கணவன். மைத்துனனுக்காகச் சண்டை போட்டவன். அந்தச் செய்தி பொறித்த ஆதகூர்க் கல்லோ, காட்டுப்பன்றியோடு போராடி இறந்த காளி என்ற வேட்டை நாய்க்கு நட்ட நடுகல். சோழர் பக்கமும் சம்பந்தம் இல்லாமலில்லை. கிருஷ்ணனின் குடும்பத்தாரிடம் அரியணையை இழந்த நான்காம் கோவிந்தன், பராந்தகனின் மகள் வீரமாதேவியைக் கட்டியவன். அதற்கு முந்தைய தலைமுறையில் ஆதித்த சோழனுக்கு இராஷ்டிரகூட வல்லவரையர் மகள் இளங்கோன் பிச்சியின் வயிற்றில் கன்னரதேவன் என்றொரு மகன் இருந்தான். கன்னரன் என்பது கிருஷ்ணனின் பெயர்தான். அந்த மகனைத் தாண்டிப் பட்டம் பராந்தகனுக்குப் போனது. தக்கோலத்துப் பகைக்கு வித்து அங்கே என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. இவ்வளவும் இருந்தும் தக்கோலப் போர் பள்ளிக்கூடத்தில் 'சோழருக்கும் இராஷ்டிரகூடருக்கும்' என்று ஒரே வரியில் முடிகிறது. கன்னரதேவனுக்கு ஒரு கட்டம்கூட இல்லாத படங்கள் எத்தனையோ.

மன்னனுக்குப் பத்து மனைவியர், எல்லாரையும் போட்டால் காகிதம் போதாது என்பது வழக்கமான சமாதானம். கற்பனை அரசர்களுக்கு மட்டும் காகிதம் போதுகிறதே! சிபிக்கும் மனுநீதிச் சோழனுக்கும் கட்டம் ஒதுக்கிய அதே தாளில், 96 ஆடு கொடுத்துத் தன் தகப்பன் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த பெண்ணுக்கு இடமில்லை என்றால் அது காகிதத்தின் குறையல்ல, வரைபவரின் குறை.

சாதிச் சங்க மலர்களுக்கு வருவோம். தகப்பன் வழிதான் வழி என்றால் 1070க்குப் பிறகு கோடு கோதாவரிக் கரைக்குப் போகிறது; அங்கே 'நாங்கள்' என்று எழுத இந்தப் பக்கத்தில் யாரும் தயாராக இல்லை. தாய்வழியையும் சேர்ப்போம் என்றால் மழவர், பழுவேட்டரையர், திருக்கோவலூர் மலையமான், சேரர், ரேநாட்டு வைதும்பர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட வேண்டும். அவர்களில் சிலர் இன்றைய ஆந்திரத்து மண்ணைச் சேர்ந்தவர்கள். 1960இல் எல்லை பிரித்துத் திருத்தணியை இந்தப் பக்கம் சேர்த்தபோது வரையப்பட்ட கோட்டுக்கு இந்தச் சம்பந்திகளைத் தெரியாது. அடுத்த சதய விழா மலருக்குப் படம் வரைபவர், விமலாதித்தனை மருமகன் என்ற முறையில் ஒரு கட்டத்தில் போட்டுத் தொடங்கலாம்.