பவளத் தொட்டியில் வேட்டைக்கு விடப்படும் உயிர்கள்

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் என்றாவது ஒருநாள் ஐப்டேசியாவைச் சந்தித்தே தீருவார்கள். பழுப்பு நிறத் தண்டும் கூர்ந்த உணர்கொம்புகளும் கொண்ட சிறிய கடல்சாமந்தி அது. கடையில் வாங்கும் உயிர்ப்பாறையின் துளையிலோ பவளத் துண்டின் அடியிலோ ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு பக்கத்துப் பவளங்களைக் கொட்டி, அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் 2001 முதல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அவற்றை வீட்டில் வளர்க்க முடியாது. ஆனால் மீனும் பாறையும் மட்டும் உள்ள தொட்டியையும் ஐப்டேசியா விட்டுவைப்பதில்லை.

இதை ஒழிக்க வழி கேட்டால், பலரும் முதலில் சொல்வது அதைத் தின்னும் இன்னொரு உயிரை வாங்கி விடும்படிதான். ரசாயனம் கலக்காத இயற்கை முறை என்று அதற்கு நல்ல பெயர். அந்தப் பெயருக்கு அது எந்த அளவு தகுதியானது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஐப்டேசியாவைக் கையால் பிய்த்து எடுக்க முடியாது என்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. தொட்டவுடன் அது துளைக்குள் சுருங்கிக்கொள்ளும். கொட்டும் செல்கள் நிறைந்த வெண்ணிற இழைகளை வெளியே விடும். அடிப்பாதத்திலிருந்து கிழிந்த ஒரு சிறு துணுக்கு பாறையில் தங்கினாலும் அது தனி உயிராக வளர்ந்துவிடும். உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியிலிருந்து உணவு தயாரித்துத் தருவதால், பட்டினி போட்டும் கொல்ல முடியாது. எளிதில் வளர்வது, வேகமாகப் பெருகுவது, பவளத்தைப் போலவே பாசியோடு கூடி வாழ்வது ஆகிய குணங்களால் பவள ஆய்வுக்கூடங்களில் இது முக்கியமான மாதிரி உயிர். 2015-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டது. ஆய்வாளருக்கு உதவும் அதே குணங்கள்தான் தொட்டி வைத்திருப்பவருக்குத் தலைவலி.

வேட்டை உயிர் ஒன்றை வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அது வேறு எதையெல்லாம் தின்னும்? ஐப்டேசியா தீர்ந்த பிறகு அதன் கதி என்ன? அது எங்கிருந்து வந்தது?

மலிவாகக் கிடைப்பது பெப்பர்மின்ட் இறால். சிறிய ஐப்டேசியாக்களை நன்றாகவே தின்னும்; பெரியவற்றை அடிக்கடி ஒதுக்கிவிடும். மீனுக்குப் போடும் தீனி தாராளமாகக் கிடைத்தால் வேட்டையையே மறந்துவிடும். சில இறால்கள் பவளத்தின் சதையைக் கொறிக்கவும் செய்யும். இதைவிடப் பெரிய சிக்கல் ஆள்மாறாட்டம். தோற்றத்தில் ஒத்திருக்கும் ஒட்டக இறால் பவளங்களையே தின்னக்கூடியது; கடைகளில் இரண்டும் மாறிப்போவதுண்டு. மற்றபடி ஐப்டேசியா தீர்ந்தாலும் இந்த இறால் வேறு தீனியில் பிழைத்துக்கொள்ளும் என்பது அதன் பெரிய பலம்.

செம்பட்டை வரிகளும் நீண்ட மூக்கும் கொண்ட காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன் அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும். மூக்கைத் துளைக்குள் நுழைத்து ஐப்டேசியாவைப் பிடுங்கும். ஆனால் குழாய்ப்புழுக்களையும் அது அதே போலப் பிடுங்கும். சில மீன்கள் ஐப்டேசியாவைத் தொடுவதே இல்லை. 20 சென்டிமீட்டர் வரை வளரும் இந்த மீனுக்குச் சிறிய தொட்டி போதாது. விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவை. தொட்டித் தீனியை ஏற்காமல் மெலிந்து சாகும் மீன்கள் இந்த இனத்தில் ஏராளம். ஒரு களையை அகற்றுவதற்காகக் கடலிலிருந்து எடுத்த மீனைப் பட்டினிச் சாவுக்கு விடுவதை இயற்கை முறை என்று நான் ஏற்கமாட்டேன்.

மூன்று கேள்விகளுக்கும் ஓரளவு நிறைவாகப் பதில் சொல்வது பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல்நத்தை. நீளம் இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். இரவில் விளக்கு அணைந்த பிறகு வெளியே வரும். ஐப்டேசியாவை நெருங்கியதும் முதுகில் உள்ள இழைகளைச் சிலிர்த்து முன்னுக்குத் தள்ளிக்கொண்டு கடிக்கத் தொடங்கும். விழுங்கிய கொட்டும் செல்களில் ஒரு பகுதி வெடிக்காமலே அதன் முதுகு இழைகளின் நுனிக்குப் போய்ச் சேர்ந்து, அதற்கே ஆயுதமாகிவிடும். மனிதக் கையும் ஊசியும் எட்டாத பாறை இடுக்குகளில் இது நுழையும். வெண்ணிறச் சுருளாக முட்டையிட்டு, தொட்டியிலேயே பெருகும். பண்ணையில் வளர்க்க முடிவதால் கடலைத் தொட வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. வேலை மிக மெதுவாக நடக்கும். பெரிய தொட்டியில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சில ராஸ் மீன்களும் பெப்பர்மின்ட் இறாலும் இதைப் பிடித்துத் தின்றுவிடும். ஆகவே பெர்கியாவையும் இந்த இறாலையும் சேர்த்து விடுவது பணத்தைக் கொட்டுவதுதான். நீர்ப்பம்பிலும் சிக்கும். ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாததால், அது தீர்ந்ததும் பெர்கியாவும் பட்டினியில் சாகும். எஞ்சியவற்றைப் பிடித்து, தேவைப்படும் இன்னொருவரின் தொட்டிக்கு மாற்றிவிடுவது பொறுப்புள்ள வளர்ப்பாளரின் வழக்கம். அதை விதியாகவே கொள்ளலாம்.

நாலைந்து ஐப்டேசியாக்களுக்கு எந்த வேட்டை உயிரும் தேவையில்லை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் இருப்பதும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான். அதன் தூய தூளைக் கொஞ்சம் நீரில் குழைத்து ஊசிக்குழாயில் எடுத்துக்கொள்ள வேண்டும். பம்புகளை நிறுத்தி, ஐப்டேசியா சுருங்காதபடி மெதுவாக அதன் வாய்மீது விட வேண்டும். அதன் கடும் காரத்தன்மை சதையைக் கரைத்துவிடும். ஒரே நாளில் நிறையச் செலுத்தினால் தொட்டி நீரின் காரத்தன்மை எகிறும். பவளத்தில் சிந்தினால் அதுவும் வெந்துபோகும். நூற்றுக்கணக்கில் பெருகியபின் இது கைகொடுக்காது.

பாறையை வெளியே எடுத்துத் தேய்ப்பதும் வேக வைப்பதும்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பாறையில் சோவாந்திட் வகை உயிர்கள் இருந்தால் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு ஆவியோடும் துளிகளோடும் காற்றில் கலக்கும். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் தொட்டியைச் சுத்தம் செய்தபோது இந்த நஞ்சு பரவி, உதவிக்கு வந்தவர்கள் உட்பட பத்துப் பேர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

வேட்டை உயிர்களைப் பற்றிய பேச்சில் மறைந்துபோவது காரணம். ஐப்டேசியா தானாக முளைப்பதில்லை. நாம் கொண்டுவந்து சேர்க்கிறோம். அளவுக்கு மீறிப் போடும் தீனி அதை வளர்க்கிறது. அந்தப் பழக்கம் மாறாதவரை, பெர்கியா துடைத்தெடுத்த தொட்டியிலும் அடுத்த பவளத் துண்டோடு அது மறுபடி வரும். புதுத் துண்டை மருந்துநீரில் முக்கி எடுப்பது மட்டும் போதாது. பவளம் தின்னும் தட்டைப்புழுக்கள் போன்றவற்றின் முட்டைகள் அந்த முக்கலில் தப்பிவிடும். புதிதாக வாங்கும் எதையும் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

ஆகவே என் முடிவு இது. முதலில் தனித்தொட்டி. ஒன்றிரண்டு தென்பட்டால் சுண்ணாம்பு. கைமீறினால் பண்ணையில் வளர்த்த பெர்கியா, அதுவும் வேலை முடிந்ததும் அதற்கு இன்னொரு தொட்டி தேடித்தரும் பொறுப்போடு. காப்பர்பேண்ட் மீனை அந்த மீனுக்காகவே வளர்க்கத் தெரிந்தவர் மட்டும் வாங்கட்டும். களையெடுக்கும் கருவியாக யாரும் வாங்க வேண்டாம்.