பறவை வரும் வளவு

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே சிறியதொரு வளவை உடையவர், பறவைகள் தம்மைத் தேடி வரவேண்டுமென்று விரும்பினால், நாற்றுமேடையிலே கண்ணைப் பறிக்கும் புஷ்பச்செடியை விலைபேசுவதற்கு முன்னர், வருஷத்தில் எம்மாதங்களிலே பட்சிகளுக்கு ஆகாரம் அரிதாகின்றது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையோடு பெய்யும் மாரியே இப்பிரதேசத்தின் ஜீவாதாரம். வைகாசி பிறந்து கச்சான் வீசத் தொடங்கியதும் நிலம் வெடித்துப் புல் கருகிவிடும்.

அந்த வறட்சியிலே கனிவதனாலேயே, பாலையையும் வீரையையும் நம் வளவுகளுக்குரிய விருட்சங்களுள் தலையாயவை என்பேன். பாலை மிக மந்தமாக வளர்வது. அதனை நடுபவர் பேரப்பிள்ளைகளுக்காகவே நடுகின்றார். ஆயினும், மஞ்சள்நிறச் சிறுபழங்கள் முதிர்ந்து தொங்கும் ஒரு பாலையின்கீழ் காலை வேளையிலே அரைமணி நேரம் அசையாது அமர்ந்திருப்பவர், சின்னான்கள் கூட்டமாய் இறங்கி ஆரவாரிப்பதையும், குக்குறுவான் இலையோடு இலையாய் ஒளிந்து பழம் விழுங்குவதையும், மாங்குயில் பொன்மேனி பளிச்சிடக் கிளை மாறுவதையும் கண்டு, இச்சௌந்தரியத்திற்கு எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் தகுமென்று உணர்வர். காத்திருக்க இயலாதவர்க்கு, நட்ட இரண்டாண்டுக்குள் காய்க்கும் ஜாம்பழ மரம் உண்டு. பூக்கொத்திக்கு அதிலே பெருவிருப்பம். நாயுண்ணியை மாத்திரம் நடாதிருங்கள். 1826இல் அலங்காரச் செடியாக இலங்கைக்குக் கொணரப்பட்ட அது, பறவைகள் உண்டு எச்சமிட்ட விதைகளாலேயே காடுகளுக்குட் புகுந்து, சுதேசச் செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கின்றது.

தேன்சிட்டுக்கென்று புதிதாக எதையும் தேடவேண்டியதில்லை. முருங்கையும் செவ்வரத்தையும் போதும். செவ்வரத்தையின் வாய்வழியே எட்டாத மதுவை, பூவின் அடியிலே துளையிட்டு அது உறிஞ்சும் சாமர்த்தியத்தை நெருங்கி நின்று பாருங்கள்.

விடிந்ததும் முற்றம் கூட்டுவது நம் இல்லங்களின் நல்லாசாரமே. எனினும் மரநிழலில் ஒரு மூலையைச் சருகோடு விட்டுவைத்தால், மாரிக்கு முன்னர் இமயச் சாரலிலிருந்து பிரயாணப்பட்டு வரும் ஆறுமணிக்குருவி, அச்சருகைப் புரட்டிப் புழு பொறுக்கும். வைகறையிலும் அந்தியிலும் அதன் இருசீர்க் குரல் கேட்கும். சித்திரையிலே அது வடதிசை மீண்ட பின்னர், அம்மூலையைக் கூட்டி, மக்கிய சருகை மாமரத்தடிக்குப் பசளையாக இடலாம்.