விரலை எடுக்கும் அழகு

ஹாமண்ட் பி-3 ஆர்கன் என்றதும் பலருக்கு லெஸ்லி ஸ்பீக்கரின் சுழற்சிதான் நினைவுக்கு வருகிறது. ராக் கலைஞர் ஜான் லார்ட் தன் ஹாமண்டை மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியே உறுமவைத்ததில் கிறங்கியவர்களும் உண்டு. எனக்கும் அவை பிடிக்கும். ஆனாலும் அந்த வாத்தியத்தின் உயிர் ஜாஸ் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின் வலது கையில்தான் இருக்கிறது என்பேன். அதிலும் அவர் கட்டையை அழுத்தும் விதத்தைவிட, விடும் விதத்தில்.

பி-3-இன் பெர்குஷனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஸ்வரத்தின் தலையில் 'டிங்' என்று ஒரு தட்டு விழும். பிடித்த கட்டைகள் எல்லாவற்றையும் விட்டால்தான் அடுத்த தட்டு கிடைக்கும். ஒரு விரல் சற்றே தங்கினாலும் அடுத்த ஸ்வரம் தட்டில்லாமல், வழவழப்பாக வரும். இந்தக் கெடுபிடியையே ஸ்மித் தன் பேச்சுமொழியாக்கிக்கொண்டார். ஒலியின் சாயலைக் கலக்கும் டிராபார்களில் முதல் மூன்றை முழுக்க இழுத்துவிட்டு, மூன்றாம் ஹார்மோனிக் பெர்குஷனைப் போட்டுக்கொண்டு அவர் வாசிக்கும்போது, எந்த ஸ்வரம் துள்ள வேண்டும், எது முந்தையதோடு இழைய வேண்டும் என்பதை விரல் எழும் கணம்தான் தீர்மானிக்கிறது. 1958 பிப்ரவரியில் பதிவான 'தி செர்மன்' 20 நிமிட ப்ளூஸ். டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் தாளத்துக்கு மேலே ஸ்மித் ஒரே சிறு சொற்கட்டைத் திருப்பித் திருப்பிச் சொல்வதைக் கவனியுங்கள். ஸ்வரங்கள் மாறாவிட்டாலும் அழுத்தம் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

கட்டைக்கு ஒன்பது மின்தொடுப்புகள். அவை இம்மி முன்பின்னாகச் சேர்வதால் எழும் 'க்ளிக்' ஒலியைத் தயாரிப்பாளர்கள் குறையென்றே கருதினார்கள். ஸ்மித்தின் வேகச் சங்கதிகளில் அந்தக் குறை இல்லையென்றால் பாதி அழகு போய்விடும்.

இன்னொரு ஜாஸ் ஆர்கன் கலைஞரான லாரி யங்தான் பெரியவர் என்று என்னோடு வாதாடும் நண்பர் ஒருவர் உண்டு. 1965-இல் பதிவான 'யூனிட்டி' ஆல்பத்தில் யங் தொட்ட ஹார்மனிப் பரப்பு வேறு உயரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துள்ளல் எனக்கு ஸ்மித்திடம் மட்டுமே கிடைக்கிறது.

பி-3 உற்பத்தி 1974-இல் நின்றது. இன்றைய டிஜிட்டல் கருவிகள் பெர்குஷன், க்ளிக் எல்லாவற்றையும் நன்றாகவே தருகின்றன. வாசிப்பவர்களில் பலர்தான் விரலை எடுப்பதே இல்லை. ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழிய, லெஸ்லியை வேகமாகச் சுற்றவிட்டு அந்தச் சோம்பலை மறைக்கிறார்கள். கைதட்டலும் கிடைத்துவிடுகிறது. ஆர்கன் சொல்லிக்கொடுப்பவர்கள் முதல் நாளே மாணவர்களுக்கு 'தி செர்மன்' போட்டுக் காட்டட்டும். லெஸ்லி சுவிட்சைப் பிறகு காட்டினால் போதும்.