தளும்பிய குடம்

ப்ரையன் ஓ'நோலனைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத்திரும்ப ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். பத்தி எழுத்து நாவலாசிரியனைத் தின்றுவிட்டதாம். ஃப்ளான் ஓ'ப்ரையன் என்ற பெயரில், 27 வயசில், ஜாய்ஸே பாராட்டிய ஒரு நாவலை (1939) எழுதியவர், 1940-லிருந்து சாகிற வருஷம் வரை டப்ளினின் 'ஐரிஷ் டைம்ஸ்' தினசரியில் தமாஷ் பண்ணியே தன்னை வீணடித்துக்கொண்டார் என்பது கதை. நானும் இதை ரொம்ப காலம் நம்பியவன்தான். அவருடைய சகோதரர் தொகுத்து 1968-ல் வந்த பத்திகளின் தேர்வை மறுபடி படித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

பத்தி தொடங்கிய விதமே ஒரு வேடிக்கை. பத்திரிகையின் 'ஆசிரியருக்குக் கடிதம்' பகுதியில் ஓ'நோலனும் நண்பர்களும் ஏதேதோ புனைபெயர்களில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெயரில் எழுதிய கடிதத்துக்கு இன்னொரு பெயரில் அவரே மறுப்பும் எழுதினார். ஆசிரியர் ஸ்மைலி இதைத் தடுக்கவில்லை. ஆளைக் கூப்பிட்டு இடம் கொடுத்துவிட்டார். 1940 அக்டோபரில், முதலில் ஐரிஷ் மொழியில், பத்தி வரத் தொடங்கியது. பிற்பாடு பெரும்பாலும் ஆங்கிலம். தலைப்பு 'க்ரூஷ்கீன் லான்': நிறைந்த சின்ன ஜாடி. நம் ஊரில் நிறைகுடம் தளும்பாது. இது ஏறக்குறைய 26 வருஷம் தளும்பியது.

எதைத் தளும்பவிட்டார் என்பதுதான் விஷயம். டினீன் பாதிரியாரின் ஐரிஷ்-ஆங்கில அகராதி 1904-ல் வந்தது. 1916 எழுச்சியில் அதன் அச்சுத் தகடுகள் அழிந்துபோக, மிகவும் விரிந்த இரண்டாம் பதிப்பு 1927-ல் வெளியாயிற்று. சுதந்திர அயர்லாந்து ஐரிஷ் மொழியைப் பள்ளியில் கட்டாயமாக்கியது. சர்க்கார் வேலைக்கும் அது வேண்டும். வீட்டில் பேசாதவர்கள் மேடையில் பேசினார்கள். இந்தச் சூழ்நிலையில் அந்த அகராதி கிட்டத்தட்ட ஒரு பூஜைப் பொருள். மைல்ஸ் (பத்திக்காரரின் பெயர் இதுதான்) அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சின்னச் சொல்லுக்குக் கீழே உள்ள அர்த்தங்களை வாசிக்க ஆரம்பிப்பார். மாடு, வயல், மழை, வியாதி, சாபம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத அர்த்தங்கள். டினீனின் அகராதியே அப்படிப்பட்டதுதான். வாசித்துக்கொண்டே போகிறவர் நடுவில் எங்கேயோ தன் கற்பனையையும் கலந்துவிடுகிறார். அகராதி எங்கே முடிந்தது, மைல்ஸ் எங்கே தொடங்கினார் என்பது வாசகனுக்குத் தெரியாது. இங்கிலீஷ்காரன் நானூறு வார்த்தைகளில் காலத்தை ஓட்டிவிடுகிறான், ஐரிஷ் குடியானவனுக்கோ நாலாயிரம் வேண்டியிருக்கிறது என்று ஒரு கணக்கும் போடுகிறார். இது பெருமையா, கிண்டலா? இரண்டும்தான், பிரித்தால் பத்தி செத்துவிடும்.

இவர் மொழியைப் பரிகசித்தவர் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் சாரமில்லை. ஐரிஷ் பேசும் வீட்டில் வளர்ந்தவர். 1941-ல் அந்த மொழியிலேயே எழுதிய 'அன் பேல் பக்ட்' என்ற நாவலில், மொழிமேல் காதல்கொண்டு நகரத்திலிருந்து வந்தவர்கள் விழா எடுத்து, ஐரிஷ் பற்றி ஐரிஷில் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, பட்டினி கிடக்கும் கிராமத்தார் நடனமாடியே செத்துவிழுகிறார்கள். மொழி யாருடையது என்ற கேள்வியை இதைவிடக் கோபமாகக் கேட்க முடியுமா என்று தெரியவில்லை.

புனைபெயரிலேயே ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது. மைல்ஸ் ந கோபலீன், அதாவது குட்டிக் குதிரைகளின் மைல்ஸ். 1860-ன் ஒரு நாடகப் பாத்திரத்திடமிருந்து எடுத்தது. குதிரைச் சொல் தனியே நிற்கும்போது 'கல்'லில் உள்ள க. 'ந'வுக்குப் பின்னால் வந்தால் 'சங்க'த்தில் உள்ள க. ஐரிஷ்காரன் இதற்கு 'ஜி', 'சி' என்று இரண்டு எழுத்தையும் அடுத்தடுத்துப் போடுகிறான். மாறிய ஒலியும் வேண்டும், பழைய எழுத்தையும் விட மனசில்லை. நமக்கு இரண்டும் ஒரே க-தான், ஆகவே தமிழில் எழுதும்போது இந்த வினோதம் சுத்தமாகக் காணாமல் போகிறது. பிற்காலத்தில் அவரே அந்தச் 'சி'யை விட்டுவிட்டார். எனக்கு அது ஒரு சின்னத் தோல்வியாகவே படுகிறது.

அபூர்வச் சொற்களைப் போலவே செத்த சொற்களும் அவரை உறுத்தின. தேய்ந்த தொடர்களை வைத்து, பாதிரிமார் சிறுவர்களுக்கு நடத்தும் வினாவிடைப் பாடம் மாதிரி எழுதினார். நம் பத்திரிகைகளுக்கும் ஒன்று செய்யலாம்: அனுதாபம் எத்தகையது? ஆழ்ந்தது. ஆழத்தை அளந்தவர் யார்? எவருமில்லை.

குப்பையும் நிறைய. கீட்ஸும் சாப்மனும் வரும் கதைகள் கடைசி வரிச் சிலேடைக்காகவே நீட்டப்பட்டவை. என்னால் ரசிக்க முடியவில்லை. பிற்காலப் பத்திகளில் கசப்பு நகைச்சுவையை மூடிவிடுகிறது. உத்தியோகம் 1953-ல் போயிற்று, குடி இருந்தது. தினசரி எழுத்தின் அவசரம் எங்கும் தெரிகிறது.

ஆனாலும் பத்தி நாவலாசிரியனைத் தின்றது என்பதற்குத் தேதிகள் இடம் கொடுக்கவில்லை. அப்பா 1937-ல் இறந்து ஒரு பெரிய குடும்பம் இவர் சம்பளத்தில் விழுந்தது. முதல் நாவல் ஆரம்ப மாதங்களில் 250 பிரதிகூட விற்கவில்லை; மீதிப் பிரதிகள் 1940-ல் லண்டன் கிடங்கில் குண்டுவீச்சுக்கு இரையாயின. அதே வருஷம் இரண்டாவது நாவலைப் பதிப்பகம் திருப்பி அனுப்பியது. கையெழுத்துப் பிரதி தொலைந்துவிட்டது என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டார். தொலையவில்லை, வீட்டில்தான் இருந்தது. நாவலாசிரியன் அடிபட்டு உட்கார்ந்த இடத்தில்தான் பத்தி ஆரம்பிக்கிறது. 1966 ஏப்ரல் 1-ல் அவர் இறந்தார், முட்டாள்கள் தினத்தில். மறுவருஷம் 'மூன்றாவது போலீஸ்காரன்' வெளியாயிற்று.

இந்தப் பத்திரிகைக்காக அகராதிப் பத்தி ஒன்றை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். மூன்று நாள். டினீனுடையவை இவை, மைல்ஸின் புளுகு இவை என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன். நண்பர் ஒருவரிடமிருந்து 1927 பதிப்பை வாங்கிச் சரிபார்த்ததில், புளுகு என்று நான் குறித்தவற்றில் பாதிக்கு மேல் டினீனுடையவை.