குறொனிக்கிள்: தொகுத்தவரும் தொகுப்பித்தவரும்

சங்கத் தொகைநூல்கள் சிலவற்றின் இறுதிக் குறிப்புகள், தொகுத்தவரையும் தொகுப்பித்தவரையும் வேறுபடுத்திக் கூறுகின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. எந்தத் தொகுப்பும் தானாக உருவாவதில்லை, அதன் பின்னால் ஒரு சமூக அதிகாரம் தொழிற்படுகின்றது என்பது இவ்வேறுபாட்டினாற் பெறப்படும். நவீன இசைத்தட்டுத் தொகுப்புகளை ஆராயுமிடத்தும் இவ்வினாவையே நாம் முதலில் எழுப்புதல் வேண்டும்.

கிறீடன்ஸ் கிளியர்வோற்றர் றிவைவல் என்னும் அமெரிக்க றொக் இசைக்குழுவின் 20 பாடல்களைக் கொண்ட 'குறொனிக்கிள்' 1976 இல் வெளிவந்தது. குழு 1972 இலேயே கலைந்துவிட்டது. ஆகவே, இதன் தொகுப்பித்தவர் கலைஞரல்லர். ஒலிப்பதிவுகளின் உடைமையாளரான ஃபன்ரசி நிறுவனமே. ஆயினும், பிற்காலத் தலைமுறையினருட் பெரும்பாலோர் இக்குழுவை அறிந்தது இத்தொகுப்பின் வாயிலாகவே எனலாம். எனவே, இது எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பது ஆய்வுக்குரிய விடயமாகும்.

கலிபோர்னியாவின் எல் செரிற்றோ என்னும் சிறுநகரைச் சேர்ந்தவர்கள் ஜோன் ஃபோகட்டி, அவருடைய தமையனார் ரொம் ஃபோகட்டி, ஸ்ரூ குக், டக் கிளிஃபோட் ஆகிய நால்வரும். வியட்நாம் யுத்தத்துக்கான கட்டாய ஆட்சேர்ப்பு இவர்களுக்குப் பத்திரிகைச் செய்தி மாத்திரமன்று. ஜோன் இராணுவச் சேமப்படையிலும், கிளிஃபோட் கரையோரக் காவற் சேமப்படையிலும் பணியாற்றியவர்கள். பல்கலைக்கழகக் கல்வியைக் காரணங்காட்டி ஆட்சேர்ப்பைப் பிற்போட முடிந்தவர்களுக்கும், அவ்வாய்ப்பற்ற உழைக்கும் வர்க்க இளைஞர்களுக்குமிடையே இருந்த வேறுபாட்டை அவர்கள் கண்கூடாக அறிந்திருந்தனர். 1969 இல் வெளிவந்த 'ஃபோர்ச்சுனேற் சன்' இவ்வநுபவத்தின் வெளிப்பாடாகும். அக்காலப் போர் எதிர்ப்புப் பாடல்கள் பல சமாதானத்தைப் பொதுவான மானுட விழுமியமாகவே பாடின. இப்பாடலோ யாருடைய மைந்தர் போருக்குச் செல்கின்றனர் என்னும் வர்க்க வினாவை எழுப்புகின்றது. அதன் வலிமை இதிலேயே தங்கியுள்ளது.

தொகுப்பு காலவரிசையில் அமைந்துள்ளமை அதன் சிறப்பு. 1968 இன் 'சூசி கியூ'விலிருந்து 1972 இன் 'சம்டே நெவர் கம்ஸ்' வரை, ஓர் இசைக்குழுவின் எழுச்சியும் தளர்ச்சியும் தெளிவாகக் கேட்கின்றன. சிற்றூரொன்றில் அகப்பட்டுக்கொண்ட பாடகனின் அவலத்தைக் கூறும் 'லோடை', இசையும் ஒரு கூலித் தொழிலே என்பதை மூன்று நிமிடங்களில் உணர்த்துகின்றது. கறுப்பின மக்களின் புளூஸ் மரபுக்குக் குழு பட்டுள்ள கடனும், ஸ்கிறீமிங் ஜே ஹோக்கின்ஸின் பாடலைத் தொடக்கத்திலேயே கேட்கும்போது புலனாகின்றது.

எனினும், தெரிவின் அடிப்படை சந்தையே. இப்பாடல்களுள் 19, குழு இயங்கிய காலத்தில் தனித்தட்டுகளின் ஏதேனுமொரு பக்கத்தில் விற்பனைக்கு வந்தவை. இதனால் 'ஃபோர்ச்சுனேற் சன்' இடம்பெற்ற 'வில்லி அன்ட் த புவர் போய்ஸ்' இசைத்தட்டிலேயே உள்ள 'டோன்ற் லுக் நவ்' இங்கு இடம்பெறவில்லை. நிலக்கரியும் உப்பும் யாருடைய உழைப்பினால் வருகின்றன என வினவி, பாடுபவரும் கேட்பவரும் அவ்வுழைப்புக்குப் புறம்பானவர்களே என்று ஒப்புக்கொள்ளும் பாடல் அது. முன்னையது ஆளும் வர்க்கத்தைச் சுட்டுகின்றது; பின்னையது நம்மையே சுட்டுகின்றது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்குக் கிட்டும் சுயவிமர்சனம், முதலாவதை மட்டும் கேட்பவருக்குக் கிட்டுவதில்லை. படிப்பறையிலிருந்து வர்க்கம் பற்றி எழுதும் நம் போன்றோருக்கு இந்த இழப்பு சிறியதன்று.

ஆயினும், தொகுப்பு வெறும் பண்டமே என்று ஒதுக்குவது கொச்சையான பொருளாதாரவாதமாகும். 'ஃபோர்ச்சுனேற் சன்' தொகுப்பினுள் நுழைந்ததும் அதே சந்தையின் வழியாகத்தான். தன்னை எதிர்க்கும் குரலையும் விற்று இலாபமீட்டும் முதலாளித்துவம், அக்குரலை இலட்சோபலட்சம் பேரிடம் கொண்டு சேர்க்கவும் நேர்கின்றது. பின்னாளில் ஜீன்ஸ் விளம்பரமொன்றில் அப்பாடலின் எதிர்ப்பு நறுக்கப்பட்டு, தொடக்கம் மட்டும் பயன்படுத்தப்பட்டது. முழுப்பாடல் 'குறொனிக்கிள்' வழியாக மக்களிடம் இருந்தமையாற்றான் அந்த மோசடியை மக்கள் இனங்காண முடிந்தது.

இங்கு கலைஞனின் உழைப்பும் உடைமையும் பற்றிய பிரச்சினை கூர்மையடைகின்றது. 20 பாடல்களுள் 17 ஜோன் ஃபோகட்டி இயற்றியவை. அவற்றின் உரிமையோ அவரிடம் இருக்கவில்லை. ஒப்பந்தத்திலிருந்து விடுபடுவதற்காக உரிமைப்பணத்தையும் துறந்த அவர், நீண்டகாலம் இப்பாடல்களை மேடையிற் பாட மறுத்தார். 1987 இல், வியட்நாம் போரிலிருந்து மீண்டவர்களுக்கான நிகழ்ச்சியில் அவற்றை மீண்டும் பாடினார். அவருடைய 1984 ஆம் ஆண்டுப் பாடலொன்று, 'குறொனிக்கிள்' தொகுப்பிலுள்ள 'றன் த்றூ த ஜங்கிள்' பாடலின் நகல் என ஃபன்ரசி வழக்குத் தொடுத்தது. தன்னையே திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கலைஞன், கிற்றாருடன் சாட்சிக் கூண்டில் ஏறி, தனது பாணி தன்னுடையதே என்று நிறுவ வேண்டியிருந்தது. 1988 இல் யூரர்கள் அவர் பக்கமே தீர்ப்பளித்தனர். உழைப்பின் விளைவு உழைத்தவனுக்கு அந்நியமாகி, அவனுக்கெதிரான சக்தியாக நிற்கும் என்ற மார்க்ஸின் கூற்றுக்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் இசை வரலாற்றில் அரிது.

ஃபன்ரசி 2004 இல் கொன்கோட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2023 இல் பாடல்களின் வெளியீட்டுரிமையிற் பெரும்பங்கை ஃபோகட்டி மீளப் பெற்றார். மூல ஒலிப்பதிவுகளின் உடைமை நிறுவனத்திடமே இருந்தது. தமது எண்பதாவது அகவையில், 2025 இல், பழைய பாடல்களை மீண்டும் பாடிப் பதிவுசெய்து வெளியிட்டார். தொகுப்பித்தவரின் இடத்தைப் பாடியவர் தாமே எடுத்துக்கொள்ள அரை நூற்றாண்டு சென்றது. ஆயின், அதுவும் தனிமனித மீட்பே. ரொம் ஃபோகட்டி 1990 இல் மறைந்தார். நால்வர் கூடி இசைத்த கூட்டுழைப்புக்கு அப்புதிய பதிவிலும் இடமில்லை.

எனவே, 'குறொனிக்கிள்' கேட்கப்பட வேண்டியதே; ஆனால் அத்தோடு நின்றுவிடலாகாது. தொகையைக் கற்போர் தொகுப்பித்தவனையும் அறிதல் வேண்டும்; தொகையுட் சேராத பாடலையும் தேடிச் செல்லல் வேண்டும்.