தளர்வு யாருக்கு?

இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ரிசர்வ் வங்கி வெளியிடும் நாணயக் கொள்கை அறிக்கையை நான் ஒரு பனுவலாகவே வாசிக்கிறேன். தமிழ் படித்தவளுக்கு அதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பனுவலில் எழுவாயாக நிற்பது யார், அதற்குள் வராமலே போனவர் யார் என்று பார்ப்பது எங்கள் வேலைதான்.

2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ரெப்போ விகிதம் 6.50 விழுக்காடு. வங்கிகள் அரசுப் பத்திரங்களை ஈடாகக் கொடுத்து ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி அது. பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6.00, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25 என்று இறங்கியது. வங்கிகள் கட்டாயம் ஒதுக்கிவைக்க வேண்டிய ரொக்க இருப்பு விகிதமும் நான்கு தவணைகளில் 4 விழுக்காட்டிலிருந்து 3 ஆனது. அதனால் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய் வங்கிகளின் கைக்கு வந்தது. இதற்கெல்லாம் பொதுப்பெயர் ‘தளர்வு’.

தளர்வு முதலில் போய்ச் சேர்வது பணச்சந்தைக்கு. வங்கிகள் தங்களுக்குள் ஒருநாள் கைமாற்றாகக் கொடுக்கும் பணத்தின் வட்டி உடனே இறங்கும். 91 நாள் கருவூல உண்டியலும், பெருநிறுவனங்கள் சில மாதங்களுக்கு வாங்கும் கடனும் பின்தொடரும்.

அடுத்தது பத்திரச் சந்தை. 100 ரூபாய்ப் பத்திரம் ஒன்று ஆண்டுக்கு 7 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய பத்திரம் 6 ரூபாய்தான் தரும் என்றால், பழையதை யாரும் 100 ரூபாய்க்கு விற்கமாட்டார்கள். அதன் விலை ஏறும். ஏற்கெனவே பத்திரம் வைத்திருக்கும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பரஸ்பர நிதிகளும் உட்கார்ந்த இடத்தில் லாபம் பார்க்கும்.

ஆனால் அந்தச் சந்தை எண்ணை மட்டும் வாசிப்பதில்லை, சொல்லையும் வாசிக்கிறது. ஜூனில் வட்டியை அரை விழுக்காடு குறைத்த அதே அறிக்கை, வங்கியின் நிலைப்பாட்டை ‘இணக்கம்’ என்பதிலிருந்து ‘நடுநிலை’ என்று மாற்றியது. இனிப் பெரிய குறைப்பு வராது என்று சந்தை அதற்குப் பொருள் கொண்டது. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, பத்தாண்டுப் பத்திரத்தின் வருவாய் விகிதம் ஏறி, ஆகஸ்டில் 6.5 விழுக்காட்டைத் தாண்டியது. ஒரு சொல்லுக்கு அசையும் சந்தை அது. அந்தச் சந்தையின் காதுக்காகவே அறிக்கையின் ஒவ்வொரு சொல்லும் நிறுத்து எழுதப்படுகிறது.

பெண்கள் கேட்கும் கேள்விக்கு அந்தக் காது கிடையாது. மேலூர்ப் பக்கமிருந்து வரும் மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “வட்டியக் குறைச்சிட்டாங்கன்னு நியூஸ்ல சொல்றாங்க. எங்கம்மா குழுக்கடனுக்கு மட்டும் ஏன் மேடம் அதே தவணை?”

விடை விதிகளில் இருக்கிறது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் மாறும் வட்டியில் புதிதாகக் கொடுக்கும் வீட்டுக்கடன், ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டப்பட்டிருக்கிறது. ரெப்போ குறைந்தால் அதுவும் குறையும். அந்த வீடோ பெரும்பாலும் ஆணின் பெயரில். நுண்கடனுக்கு அப்படிக் கட்டு எதுவுமில்லை. நுண்கடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பும் 2022 ஏப்ரலில் நீக்கப்பட்டது. 20 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கட்டும் பெண்களுக்கு, நிறுவனம் தான் வாங்கும் கடனின் வட்டி குறைந்ததைப் பங்கிட்டுத் தர வேண்டிய கட்டாயமில்லை. 2024 அக்டோபரில் அளவுக்கு மீறி வட்டி வாங்கியதற்காக நான்கு நிறுவனங்கள் புதுக்கடன் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே தடுத்தது. வீட்டு வாசலில் வந்து மிரட்டும் வசூலுக்கு எதிராகத் தமிழக அரசு 2025இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

சேமிக்கும் பெண்ணின் கதை நேர்மாறானது. பெண்கள் பெயரிலேயே வந்த ‘மகிளா சம்மான்’ சேமிப்புப் பத்திரம் 7.5 விழுக்காடு தந்தது. முதிர்வு இரண்டு ஆண்டு, உச்சவரம்பு 2 லட்சம் ரூபாய். 2025 மார்ச் 31உடன் அதில் சேர்வது நின்றது. முதலில் சேர்ந்தவர்களுக்குப் பணம் முதிர்ந்து கைக்கு வந்த அதே மாதங்களில்தான் வங்கி வைப்புகளின் வட்டி இறங்கத் தொடங்கியது. பத்திரச் சந்தையில் விலையேற்றத்தால் லாபம் பார்த்தவர்களைப்போல இவளால் பார்க்க முடியாது. இவளுடைய பத்திரத்தை விற்கச் சந்தையே இல்லை.

ஆக, கடன் வாங்குபவளுக்கு வட்டி குறைவதில்லை, சேமிப்பவளுக்கு மட்டும் குறைகிறது. இரண்டு பக்கத்திலும் தளர்வு அவளைத் தொடாமலோ தேய்த்தோ போகிறது.

பொருளியல் தமிழில் பணத்தின் ஓட்டத்தை ‘நீர்மை’ என்கிறார்கள். பழந்தமிழில் அச்சொல்லுக்கு இயல்பு, பண்பு என்ற பொருளும் உண்டு. பள்ளத்தை நோக்கிப் பாய்வது நீரின் இயல்பு. இந்த நீர்மையோ மேட்டிலேயே தேங்குகிறது. வைகைக் கால்வாயின் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மதகு திறந்த செய்தி வேறு, வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்வது வேறு.

2025இல் துணை ஆளுநரான பூனம் குப்தா இன்று கொள்கைக் குழுவில் இருக்கிறார். 1935இல் தொடங்கிய ரிசர்வ் வங்கிக்கு இதுவரை ஒரு பெண் ஆளுநர் இல்லை என்பதை நினைத்தால் அது சிறிய செய்தியல்ல. ஆனாலும் குழுவில் பெண் இடம்பெறுவதும் அறிக்கையில் பெண்ணின் கடன் இடம்பெறுவதும் வேறு வேறு. ஒவ்வொரு அறிக்கையிலும் ரெப்போ விகிதத்துக்குப் பக்கத்தில், அந்தக் காலாண்டில் நுண்கடன் வாங்கிய பெண்கள் கட்டிய சராசரி வட்டியையும் அச்சிட வேண்டும். அவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்காத வரை, ‘தளர்வு’ என்ற சொல்லைப் பெண்கள் முழுச்சொல்லாக ஏற்க வேண்டியதில்லை.